முக்கால் மைல்

அண்ணா,

உன் டாக்சியின் வேக மீட்டர்க் கண்ணாடி என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. அதன்மேல் நீ சிவப்புப் பெயிண்டில் இழுத்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. உன் மகன் அதைத் திருப்பதியிலிருந்து ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துவந்தான். துண்டைப் பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது. உன் காக்கிச் சட்டையின் வாடை. காலையில் சுட்ட தோசை தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது.

"புதுக் கண்ணாடி போட்டாச்சு அத்தை. மெக்கானிக் இதைத் தூக்கிப் போட இருந்தாரு. யாருங்க இப்படிக் கிறுக்கி வெச்சதுன்னு கேட்டாரு. அத்தையைத்தான் கேக்கணும்னு வாங்கிக்கினு வந்துட்டேன்" என்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி கடைசிவரை சொல்லவில்லை. நைனா ஒரு விபத்தில் மாட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை, இவ்வளவுதான் அவன் அறிந்தது. அவள் போன பிறகுதான் ஷெட்டின் பூட்டை உடைத்தான். பழைய வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அவர்களோடு சேர்ந்துகொண்டு உன் கறுப்பு வண்டியை உயிர்ப்பித்துவிட்டான். ஹாரன்கூட அடிக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. அதைக் கேட்க நீ இல்லை என்பது இப்போதுதான் எனக்கு முழுதாக உறைக்கிறது. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட இப்படி உறைக்கவில்லை.

உனக்கும் எனக்கும் தொழில் பகை, ஞாபகம் இருக்கிறதா? நான் சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். கால் ஒடிந்து வருகிறவனுக்கு நாங்கள் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தால், மறுநாளே அவன் சொந்தக்காரர்கள் உன் டாக்சியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டால்தான் எலும்பு கூடும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. நான் படியில் நின்று கத்துவேன்: "என் பேஷண்டை என் கண்ணு முன்னாலயே திருடிக்கினு போறியே, வெக்கமா இல்ல?" நீ சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கிப் பின் சீட்டில் சாய்ப்பாய். "உங்க டாக்டரு கட்டுன கட்டு காஞ்ச வரட்டியாட்டம் கீது பாப்பா. இவன் பாவம், அரிப்பெடுத்தே செத்துடுவான்."

ஆனால் அவர்களை நீ எப்படிக் கூட்டிக்கொண்டு போவாய் என்று எனக்குத் தெரியும். பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் முள் ஏறாது. ஒரு பள்ளம் வந்தால் ஆளை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறக்குவாய். கூட வருகிறவர்கள், "இன்னாபா இது, நடந்தே போயிருக்கலாம்" என்று முணுமுணுப்பார்கள். அதற்கும் நீ ஒரு பதில் வைத்திருந்தாய். "முள்ளைப் பாத்து ஓட்டணும். பின்னால குந்திக்கினு கீறவன் மூஞ்சியப் பாத்து ஓட்டக் கூடாது." காலி வண்டியாக வந்தாலும் ஊர் பக்கம், ஆள் நடமாடும் இடம் என்றால் இருபத்தைந்து. அந்த முள்தான் உனக்கு வேதவாக்கு.

அப்படிப்பட்ட உன் வண்டியில்தான் அந்தப் பெண் அடிபட்டாள்.

நகரிப் பக்கம் ஒருவரை வீட்டில் இறக்கிவிட்டுப் புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். பொழுது சாய்கிற நேரம். எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. அதன் பின்னாலிருந்து, தலையில் நூல் மூட்டையோடு அவள் சாலையைக் கடந்தாள். நீ பிரேக்கை மிதித்தாய், வண்டி நின்றது, ஆனால் அவள்மேல் மோதிவிட்டுத்தான் நின்றது. நீயே தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்துப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். அன்று ஒருநாள்தான் நீ முள்ளைப் பார்க்காமல் ஓட்டியிருப்பாய். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் உயிர் போயிருந்தது.

அவள் புருஷன் நெசவுக்காரர். நானும் பார்த்திருக்கிறேன், ஒல்லியான மனிதர், விரலெல்லாம் சாயம். போலீஸ், வக்கீல், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் கூச்சல் போட்டபோது அவர் போடவில்லை. சித்தூர்க் கோர்ட்டுக்கு முதல் வாய்தாவுக்கு வந்த அன்று, புளியமரத்தடியில் நின்றிருந்த உன்னிடம் நேரே வந்தார். கையில் சின்னப் பெண் ஒன்றைப் பிடித்திருந்தார்.

"எத்தினி ஸ்பீடுல வந்தீங்க, சொல்லுங்க. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

"இருபத்தஞ்சுங்க. என் பிள்ள மேல சத்தியம். முள்ளு இருபத்தஞ்சுலதான் நின்னுது."

அவர் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் உன்னை அடித்திருக்கலாம். நம்பித் தொலைத்தார். அதுதான் உன்னைத் தின்றது. அன்று வீட்டுக்கு வந்தும் நீ சோற்றில் கை வைக்கவில்லை. "அந்த ஆளு நம்பிட்டாரு பாப்பா. நான் முள்ள நம்பிச் சொன்னேன். முள்ளு சரியான்னு எனக்கு இன்னா தெரியும்? அந்த மிலிட்டரி டயர் மாட்டுன அப்பறம் ஒரு தபாகூட நான் சரி பாக்கல." மெட்ராஸில் ராணுவம் கழித்துப்போட்ட டயர்களை நீ மலிவாக வாங்கி மாட்டியிருந்தாய். டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டர் இருபத்தைந்து என்று சொல்லும்போது வண்டி உண்மையில் வேகமாகப் போயிருக்கும். இதை நீ எனக்கு ஒரு தட்டையும் கிண்ணத்தையும் மேசைமேல் உருட்டிக் காட்டி விளக்கினாய்.

"உன் கடியாரம் எடுத்துக்கினு வா" என்றாய். நாடி பார்க்க நான் மார்பில் குத்திக்கொள்கிற கடிகாரம் அது. நொடி முள் உள்ள கடிகாரம் நம் வீட்டில் அது ஒன்றுதான்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, அந்தச் சம்பவம் நடந்த சாலையிலேயே போய் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். அங்கே ஒரு மைல் நீளத்துக்கு வளைவும் இல்லை, வாய்க்கால் பாலமும் இல்லை. ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல் வரை முள்ளை முப்பதில் அசையாமல் வைத்து ஓட்டினால் சரியாக இரண்டு நிமிடம் ஆக வேண்டும். கல்லைத் தாண்டும்போது நீ "ம்" என்பாய், நான் எண்ணத் தொடங்குவேன். அடுத்த கல் வந்ததும் மறுபடி "ம்."

ஒன்றரை நிமிடம்.

நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று திட்டினாய். வண்டியைத் திருப்பினோம். மறுபடி ஒன்றரை நிமிடம். மறுபடி திருப்பினோம். போகப் போக நீ திட்டுவதை விட்டுவிட்டாய். மீட்டரின் அடியில் மைலைக் கணக்கிடும் சின்ன எண்களையும் பார்த்தோம். கல்லுக்குக் கல் அது முக்கால் மைல்தான் ஓடியிருந்தது. முள்ளும் எண்ணும் சேர்ந்து கால் பங்கை விழுங்கியிருக்கின்றன என்றாய். முப்பது என்றால் நாற்பது. இருபத்தைந்து என்றால் முப்பத்து மூன்று.

எனக்கு அப்போது ஏனோ மனம் ஒப்பவில்லை. இடையில் அரைக்கால் மைலுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய பர்லாங் கற்களையாவது எண்ணிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். அவை எங்கே இருந்தன? பாதிக்குமேல் வேலிக்கும் வாசற்படிக்கும் போய்விட்டிருந்தன. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அல்லவா அவை? சாலையோரத்தில் எழுதியிருந்த எதையும் யாரும் விட்டுவைக்கவில்லை. தெலுங்கு எழுத்தின்மேல் ஒருவன் தார் பூசினால், தமிழ் எழுத்தின்மேல் இன்னொருவன் பூசுவான்.

"மீட்டர் சரியா இருந்து, கல்லு தப்பா இருந்தா?" என்று கேட்டேன்.

நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். "கல்லு எங்கனா நடந்து போவுமா பாப்பா?"

நான் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் பெயிண்டு டப்பாவோடு உட்கார்ந்து மீட்டரைத் திருத்தினாய். பதினைந்துக்கு எதிரே கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து இருபது என்று எழுதினாய். முப்பதுக்கு நாற்பது. இருபத்தைந்துக்கு எதிரே எழுதும்போது பெயிண்டு வழிந்துவிட்டது. இப்போதும் அந்த வழிசல் தெரிகிறது. வழக்கு முடியும்வரை அந்தக் கோடுகளைப் பார்த்தே ஓட்டினாய். ஒருமுறை கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு குதிரை வண்டி நம்மைத் தாண்டிப் போனது. அதில் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வக்கீல் கெட்டிக்காரர். மாட்டு வண்டிக்காரனைச் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடிவந்தாள் என்று அவன் சொல்லியும் விட்டான். "மீட்டர் கதையை வாயைத் திறந்து சொல்லாதய்யா, சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று வக்கீல் உன் தோளைத் தட்டினார். அண்ணி உன் காலில் விழாத குறை. நானும்தான் கெஞ்சினேன், அண்ணா. உன் பிள்ளையைக் காட்டிக் கெஞ்சினேன்.

நீ கூண்டில் ஏறினாய். மாஜிஸ்திரேட் தெலுங்கில் வேகம் எவ்வளவு என்று கேட்டார். நீ தமிழிலேயே சொன்னாய். "முள்ளு இருபத்தஞ்சு காட்டுச்சுங்க. முள்ளு பொய்யி. நானே அளந்து பாத்தேன். முப்பதுக்கு மேல வந்துட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்ல. என் வண்டி வேகந்தான் தப்பு." குமாஸ்தா அதைத் தெலுங்கில் சொல்லும்போது அவர் குரலே இறங்கிப்போனது. நெசவுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சில மாத ஜெயில். லைசென்ஸ் போயிற்று. அதெல்லாம் முடிந்து வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை. வெல்ல மண்டியில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனாய். பஸ்ஸில்கூட முன் சீட்டில் உட்கார மாட்டாய். எல்லாவற்றையும்விடக் கொடுமை நம் மிஷன் கோயிலில் நடந்தது. திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போக, நீ மட்டும் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாய். போதகர் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார், தண்டனை அனுபவித்தாயிற்று, தேவன் மன்னித்துவிட்டார் என்று. "அவரு மன்னிச்சிட்டாருங்க ஐயா. நான் கை நீட்டி வாங்கணுமே, அந்தக் கைதான் ஸ்டீரிங் புட்ச கை" என்றாய். சாகிற வரைக்கும் நீ அந்த அப்பத்தைத் தொடவில்லை. கடைசியில் என் வார்டிலேயே படுத்திருந்தாய். போதகர் அப்பத்தோடு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இப்போது கேள்.

போன வாரம் திருப்பதியில் உன் மகன் வண்டியைக் காட்டக் கூப்பிட்டிருந்தான். மீட்டர் சரியா என்று மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்டிகளுக்கு அதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டி ஓட ஓட மீட்டரைச் சுழற்றுகிற கம்பியைக் கழற்றிவிட்டு, தரையில் டேப் பிடித்து அளந்த தூரத்துக்கு வண்டியைத் தள்ளுகிறார்கள். அதற்குள் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுகிறார்கள். ஒரு மைலுக்கு எத்தனை சுற்று வேண்டும் என்பது மீட்டர் முகத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. உன் பழைய டயரின் அளவிலேயே தேடிப் பிடித்து டயர் போட்டிருந்தான் உன் மகன். கால் பங்கு குறையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"அச்சு அசலா சரியா கீது அத்தை!" என்று கத்தினான் உன் மகன்.

இருக்காது, மறுபடி பார் என்றேன். மறுபடி தள்ளினார்கள். மறுபடி சரி. அப்படியானால் டயர் பெரியதாயிற்றே என்று கேட்டேன். மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரித்தபோது பார்த்திருக்கிறார்: இந்த டயருக்குத் தக்கபடி உள்ளே மீட்டர்க் கம்பியை ஓட்டுகிற பல்சக்கரத்தை யாரோ அந்தக் காலத்திலேயே மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். டயர் மாட்டியவன் வேலையை முழுதாகச் செய்துவிட்டு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறான். பாவி, ஒரே ஒரு வார்த்தை.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. சித்தூர் பஸ் ஏறுவதாகச் சொல்லிவிட்டு நகரி பஸ்ஸில் ஏறினேன். அந்த நேர்ச்சாலையில் இறங்கினேன். இப்போது அங்கே கிலோமீட்டர்க் கற்கள்தான். ஒரு கிராமத்துக்குப் பிரிகிற முனையில் டீக்கடை இருந்தது. அங்கே பெஞ்சில் ஒரு பெரியவர். பழைய மைல்கல் எங்கே இருந்தது என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த எடத்த கேக்கற? சர்க்கார் வெச்ச எடமா, நாங்க வெச்ச எடமா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆந்திராவா மெட்ராஸான்னு அட்ச்சிக்கினு இருந்த காலம் தாயீ. ஆபீசருங்க ஜீப்புல வருவாங்க, திருத்தணி எத்தினி மைலுன்னு கல்லப் பாத்து எழிதிக்கினு போவாங்க, கிட்ட இருந்தா மெட்ராஸ்ல சேப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்க ஊரு முனையில கல்லு இல்ல. அந்தாண்ட கால் மைல்ல ஒண்ணு இருந்துச்சு. நம்பரு கம்மியான கல்லு. மாட்டு வண்டியில ஏத்தி இங்க கொண்ணாந்து நட்டுட்டோம். நானுந்தான் பள்ளம் தோண்டுனேன்."

"ஆபீசருங்க வந்தாங்களா?"

"ஒர்த்தனும் வரல. ஊரும் ஆந்திராவிலயே கீது. கல்லு மட்டும் ரொம்ப வருசம் இங்கயே கெடந்துச்சு."

அந்த முனைதான் நாம் "ம்" சொன்ன முனை. கால் மைலை அவர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மீதி முக்கால் மைலில் நாம் முன்னும் பின்னும் ஓடி, ஒரே பொய்யைத் திரும்பத் திரும்ப அளந்தோம். பெரியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கல்லை நகர்த்தினால் ஊரும் கூடவே வரும் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தபோது நான் எழுந்து சாலைக்கு வந்து நின்றுகொண்டேன். கத்தி அழ வேண்டும் போல் இருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

நீ வேகமாக வரவில்லை. ஜெயில் வேண்டியதில்லை. வெல்ல மண்டி வேண்டியதில்லை. அந்தக் கடைசி பெஞ்சு வேண்டியதே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய உன்னைத் திருப்பி, இதை ஒரு நிமிடம் உன் காதில் சொல்ல முடிந்தால் போதும் என்று தோன்றியது. அது முடியாது. வேறு யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்றானபோது, நெசவுக்காரரின் ஞாபகம் வந்தது. எத்தினி ஸ்பீடு என்று கேட்டவர் அவர் ஒருவர்தானே. அங்கிருந்தே நகரிக்குப் போனேன்.

அவர் இறந்துவிட்டார். அன்று கோர்ட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண், இப்போது நரைத்த தலையோடு, அதே வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறாள். நான் யாரென்று சொன்னதும் தறியை நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காப்பி கொண்டுவந்தாள்.

"உங்க அண்ணனப் பத்தி எங்க நைனா பேசாத நாளே இல்லம்மா. எங்கம்மா செத்தப்ப எல்லாரும் அவங்களத்தான் கொற சொன்னாங்க. கண்ணு மண்ணு தெரியாம ஓடுனா, தானா போயி உயிர வுட்டா, பொண்ண அநாதையாக்கிட்டான்னு. சொந்தக்காரங்களே சொன்னாங்க. எனக்கே சின்ன வயசுல அம்மா மேல அவ்ளோ கோவம். நைனாதான் என்ன குந்த வெச்சு சொல்லுவாரு: அந்த ட்ரைவரு ஜட்ஜு முன்னாடி தன் வாயாலயே சொன்னாரு, உங்கம்மா ஒழுங்காத்தான் வந்தா, அவருதான் வேகமா வந்தாருன்னு. அத வெச்சித்தாம்மா நான் எங்கம்மாவ மன்னிச்சேன்."

நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வந்ததை இவளிடம் எப்படிச் சொல்வது? அண்ணா, நீ குற்றமற்றவன் என்றால், அவள் பார்க்காமல் ஓடிவந்தாள் என்று மாட்டு வண்டிக்காரன் சொன்னதுதான் மிச்சம். அவளும் தப்புச் செய்யவில்லை. தலையில் மூட்டை, எதிரே வைக்கோல் வண்டி, மங்கிய வெளிச்சம். யார்மேலும் தப்பில்லாமல் ஒரு சாவு நடக்கும் என்று சொன்னால் எந்த ஊர் கேட்கிறது?

அவள் என் முழங்காலைத் தொட்டாள். "நைனா சொல்லித்தான் கேட்டுக்கீறேன். நீங்க அவரு கூடப் பொறந்தவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. அவரு வேகமாத்தான வந்தாரு?"

"ஆமாம்மா, வேகமாத்தான் வந்தான்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம்வரை வந்து என்னை ஏற்றிவிட்டாள்.

உன்னை விடுவிக்கப் போனவள், உனக்கு எதிராக ஒரு சாட்சியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் மகனிடமும் சொல்ல மாட்டேன். அவன் உன் பிள்ளை. உண்மை என்று தெரிந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், நகரிக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஆகவே இதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும், இருக்கும்வரை.

நீ இருபத்தைந்தில்தான் வந்தாய், அண்ணா. உன்னிடம் மட்டும்தான் இதை நான் சொல்ல முடியும்.

உன் பாப்பா